எப்சன் எல்3250: அச்சில் குறையில்லை, வைஃபையில்தான் கவனம் தேவை

வீட்டு உபயோகத்துக்கு இந்த பிரிண்டரைத் தாராளமாக வாங்கலாம். நான்கு நிற இங்க் டேங்க், ஸ்கேன், ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. திரை கிடையாது. அதனால் வைஃபை இணையாவிட்டால் என்ன கோளாறு என்று பிரிண்டரே சொல்லாது, நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வைஃபை தரும் ரவுட்டரைப் பாருங்கள். இந்த பிரிண்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரே தேடலில் வராது.

அடுத்து, நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பொத்தானை அழுத்தினால் ஓர் அறிக்கை அச்சாகும். அதில் இ-5 என்று இருந்தால் ரவுட்டரின் பாதுகாப்பு முறை பொருந்தவில்லை. ஐபி முகவரி (நெட்வொர்க்கில் பிரிண்டரை அடையாளம் காட்டும் எண்) 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரியே தரவில்லை. அப்போது பிரிண்டர், ரவுட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு, ரவுட்டரை முதலில் போடுங்கள்.

நேற்றுவரை அச்சடித்தது இன்று 'ஆஃப்லைன்' என்கிறதா? பெரும்பாலும் ஐபி முகவரி மாறியிருக்கும். விண்டோஸ் இன்னும் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) அழித்து மறுபடி போடுவது வீண் வேலை. பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ், ஆட் போர்ட், ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி என்று போய் அறிக்கையில் உள்ள முகவரியைக் கொடுங்கள். பிறகு ரவுட்டர் அமைப்பில், ஐபி முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் டிஹெச்சிபி பகுதியில் அதே முகவரியை பிரிண்டருக்கு ஒதுக்கிவிடுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டால் அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு அதே தொல்லை திரும்பலாம்.

நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் போர்ட் இல்லாதது பெரிய குறை. மேசைக் கணினி பக்கத்திலேயே இருந்தால் யுஎஸ்பி கேபிளே போதும்.