பனி ட்ரெக்கிங்குக்கு ஓசூர்ல ஷூ வாங்கப் போறீங்களா, முதல்ல இத படிங்க (என் 18,400 ரூபா போச்சு)

ஆத்திரம் இன்னும் அடங்கல, அதான் ஊருக்கு வந்ததும் எழுதுறேன். நான் தர்மபுரி. ஜனவரியில உத்தராகண்ட் கேதார்காந்தா போனேன், 12,500 அடி, மேல முழங்கால் வரைக்கும் பனி. அதுக்காக ஓசூர்ல ட்ரெக்கிங் சாமான் விக்கிற ஒரு கடையில ஷூ 7,800, ஷூ மேல மாட்டுற மைக்ரோஸ்பைக்ஸ் 3,200, பனி உள்ள போகாம ஷூவோட சேத்து கால்ல மாட்டுற கெய்ட்டர் 1,900, ஜாக்கெட் 5,500, மொத்தம் 18,400 ரூபா குடுத்தேன்.

கடைக்காரர் தரையில உக்காந்து தன் கையாலயே லேஸ் கட்டி விட்டாரு. "இறங்கறப்ப விரல் முன்னாடி இடிக்கக் கூடாதுண்ணா, குதிகால் தூக்கக் கூடாது"ன்னு விரல விட்டுப் பாத்தாரு. பனியில அவர் நிக்கிற போட்டோவ காட்டினாரு. புது ஷூவ நேரா பனிக்கு கொண்டு போகாதீங்க, உங்க தர்மபுரி பக்கத்து வத்தல்மலை ஏறி இறங்கி பழக்குங்கன்னாரு. எல்லாமே சரியான பேச்சு. இவ்ளோ தெரிஞ்ச மனுஷனுக்கு அந்த ஷூ எத்தன வருஷ சரக்குன்னு மட்டும் தெரியாதா?

இருட்டுல கிளம்பி உச்சி ஏறியாச்சு. இறங்கறப்பதான், செங்குத்தான சரிவுல வலது ஷூ சோல் குதிகால்கிட்ட வாயப் பொளந்துச்சு. பசை விட்டதுன்னா கூட பரவால்ல, சோலுக்கு மேல இருக்கற ஸ்பாஞ்ச் லேயரே நமத்துப்போன பிஸ்கட் மாதிரி உதிருது, கைல தொட்டா பொடி. சோல் ஆட ஆட ஸ்பைக்ஸும் கழண்டு ரப்பர் அறுந்துபோச்சு. கைடு தம்பி கயித்தால ஷூவ சுத்திக் கட்டி, எனக்குக் கீழ நின்னு அவன் காலையே முட்டுக் குடுத்து ஒவ்வொரு எட்டா இறக்கினான், அவன் நல்லா இருக்கணும். பனி உள்ள போயி சாக்ஸ் நனைஞ்சு விரல் மரத்துப்போச்சு, இன்னும் கொஞ்ச நேரம் ஆயிருந்தா விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்.

அந்த லேயர் பாலியூரிதேனாம், போடாம பெட்டியிலயே வருஷக்கணக்கா கிடந்தா காத்துல இருக்கற ஈரமே அத அரிச்சிடும்னு கைடு சொன்னான். ஷூ நாக்குக்கு உள்பக்கம் லேபிள பாத்தா தயாரிச்சது 2017. பெட்டி மேல மட்டும் புது ஸ்டிக்கர்!

கடைக்குப் போனா மொதல்ல ஓனர் பெங்களூர் போயிருக்காருன்னாங்க. அப்புறம் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்னாங்க. அப்புறம் அதே லேஸ் கட்டின ஆளு, "நீங்கதான் வத்தல்மலையில போட்டு நடந்துட்டீங்களே, யூஸ் பண்ணத எப்படிண்ணா எடுக்கறது"ங்கறாரு. நடக்கச் சொன்னதே அவருதான்! வாட்ஸப்ல போட்டோ அனுப்பினேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. 18,400 ரூபா, ஒரு ரூபா திரும்பல.

வாங்கறவங்க நாக்கு லேபிள்ல வருஷம் பாருங்க, பெட்டிய நம்பாதீங்க. குதிகால் பக்கம் ஸ்பாஞ்ச் லேயர கட்டைவிரலால அழுத்துங்க, வெடிப்பு தெரிஞ்சா வேணாம். பில்லுல மாடல் பேரோட எழுதி வாங்குங்க. பையில கயிறு, ஒட்டு டேப் கண்டிப்பா வைங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் குடுத்துட்டேன், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம இருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், அதனால தர்மபுரி நுகர்வோர் ஆணையத்துலயே போடப் போறேன். ஓசூர்ல இப்படி யாருக்காவது ஆயிருந்தா பில்லோட சொல்லுங்க, சேந்தே போடலாம்.