200 மணி பறக்க 27 மாசம்: பையன் படிச்ச ஃப்ளையிங் ஸ்கூலுக்கு ஒரு லாரிக்காரனோட ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேங்க, ஸ்கூல் பேரு போட மாட்டேன். பையன் இப்பதான் வேலைக்கு அப்ளை பண்ணிட்டு இருக்கான், இந்த ஃபீல்டு ரொம்ப சின்னது, எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. வெளி மாநிலத்துல ஒரு ஸ்கூல்னு மட்டும் வெச்சுக்கோங்க. ஸ்டார் கேட்டீங்கன்னா 5க்கு 2. ஒண்ணு அங்க இருந்த ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு, இன்னொண்ணு மெஸ்ஸுக்கு, தயிர் தினமும் இருந்துச்சாம்.

நான் நாமக்கல். 6 லாரி ஓடுது. ஏரோப்ளேன் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா வண்டி ஷெட்டுல நின்னா என்ன ஆகும்னு நல்லா தெரியும். இந்த ரிவ்யூவே அத வெச்சுதான்.

பையன் பிளஸ் டூல பிசிக்ஸ், மேத்ஸ் எடுத்தவன். உடம்பு தகுதி பாக்கற மெடிக்கல் டெஸ்ட்டுல கிளாஸ் 2 முடிச்சு, அப்புறம் கிளாஸ் 1 முடிச்சு, டிஜிசிஏல, அதாவது விமானத் துறைய கண்காணிக்கற மத்திய அரசு ஆபீஸ்ல, பரிட்சை எழுத கம்ப்யூட்டர் நம்பர் வாங்கி 2022 ஜூலைல சேத்தோம். மொத்தம் 48 லட்சம், நாலு தவணை. 14 மாசத்துல 200 மணி நேரம் முடிச்சு கமர்ஷியல் லைசென்ஸுக்கு ரெடி பண்ணிடுவோம்னு சொன்னாங்க. நாலு தவணையும் தேதி வெச்சு கட்டணும், எத்தன மணி பறந்தான்னு வெச்சு இல்ல. அன்னிக்கு இது எனக்கு உறைக்கல பாருங்க, அதான் என் தப்பு. லாரில ஒரு டிரிப்புக்கு அட்வான்ஸ் எவ்வளவு, இறக்கின பின்னாடி பாக்கி எவ்வளவுன்னு அஞ்சு பைசா பேரம் பேசறவன், இங்க ஏசி ரூமு, சுவத்துல யூனிஃபார்ம் போட்ட பசங்க போட்டோ எல்லாம் பாத்துட்டு வாய மூடிட்டு கையெழுத்து போட்டுட்டு வந்தேன்.

அஞ்சாவது மாசம் சொல்லாம கொள்ளாம ஒரு நா போயி நின்னேன். நோட்டீஸ்ல 9 விமானம்னு போட்டிருந்துச்சு. ஹேங்கர்ல, அதாவது விமானம் நிறுத்தற ஷெட்டுல, பாத்தா அன்னிக்கு பறக்கற கண்டிஷன்ல 4 தான். ஒண்ணுக்கு எஞ்சினே இல்ல, இன்னொண்ணுல இருந்து ஸ்பேர கழட்டி வேற விமானத்துக்கு மாட்டிட்டு இருந்தாங்க. நம்ம ஊர்ல ஒரு ஓனர் ஒரு வண்டிய நிறுத்தி அதோட ஸ்பேர கழட்டி இன்னொரு வண்டிய ஓட்டறான்னா அவன் டியூ கட்ட முடியாம தவிக்கறான்னு டீக்கடைக்கே தெரிஞ்சிரும். இங்க 70 பசங்களுக்கு மேல ஹாஸ்டல்ல இருக்காங்க, 4 விமானம், நீங்களே வகுத்துக்கோங்க. 11வது மாசம் நம்மாளு லாக் புக்குல மொத்தம் 38 மணி. தினம் ராத்திரி போன்ல "அப்பா இன்னிக்கும் ரோஸ்டர்ல பேரு வரல"ம்பான், நாளைக்கு யார் பறக்கறதுன்னு போடற லிஸ்ட்டுதான் ரோஸ்டர், "விடு சாமி, நாளைக்கு வரும்"னு நான் சொல்லுவேன், ரெண்டு பேருக்குமே அது பொய்னு தெரியும்.

இதுல நியாயமா ஒண்ணு சொல்லணும். விமானம் நிக்கறது எல்லாமே ஏமாத்து வேலை கிடையாது. அங்க இருந்த ஏஎம்இ, அதாவது விமான மெக்கானிக் மாதிரி ஆனா கையெழுத்து போடற அதிகாரம் உள்ள இன்ஜினியர், என்ன உக்கார வெச்சு பொறுமையா சொன்னாரு. 50 மணி ஓடினா ஒரு செக், 100 மணிக்கு பெரிய செக், எஞ்சினுக்கு 2000 மணி கணக்குல ஓவர்ஹால், சின்ன போல்ட்டா இருந்தாலும் சர்ட்டிஃபிகேட்டோட வந்த போல்ட்டுதான் போடணும், அது அமெரிக்காவுல இருந்து வரணும், கஸ்டம்ஸ்ல நிக்கும். பெட்ரோலும் நம்ம பங்க் பெட்ரோல் இல்ல, அவ்கேஸ்னு தனி, பல வருஷம் வெளிநாட்டுல இருந்துதான் வந்துட்டு இருந்துச்சு, 2022லதான் இந்தியன் ஆயில் இங்கயே தயாரிச்சு விட ஆரம்பிச்சாங்க. அப்புறம் பனி, மழை, புழுதி, கண்ணுக்கு அஞ்சு கிலோமீட்டர் தெரியலைன்னா புதுப் பையன தனியா அனுப்ப முடியாது. அதே ரன்வேல ஏர்லைன் விமானம் இறங்குதுன்னா நம்ம பசங்க எஞ்சின ஓட விட்டுட்டு ஓரமா நிக்கணும், அந்த நேரத்துக்கும் மீட்டர் ஓடும். வண்டி சரியில்ல, இன்னிக்கு பறக்காதடான்னு சொல்ற ஏஎம்இக்கு நான் கோயிலே கட்டுவேங்க, அதுல எனக்கு கோவமே இல்ல.

கோவம் வேற எடத்துல. நம்ம லாரி தொழில்ல பாடி கட்றவன், டயர்காரன், புக்கிங் ஆபீஸ், டிரைவர், கிளீனர், லோடு ஏத்தறவன் எல்லாருக்கும் ஆயிரம் சண்டை இருக்கும், ஆனா எல்லாரோட காசும் ஒரே எடத்துல கட்டிப் போட்டிருக்கு: லோடு இறங்கணும், பில்லுல சீல் வாங்கணும், அப்பதான் பாக்கி வாடகை. வண்டி நின்னா எல்லாருக்கும் வலிக்கும். ஃப்ளையிங் ஸ்கூல்ல விமானம் நின்னா வலிக்கறது பையனுக்கும் அவன் அப்பனுக்கும் மட்டும்தான். ஸ்கூலுக்கு காசு ஏற்கனவே வந்திருச்சு, புது அட்மிஷன் எத்தனன்னுதான் அவங்க கணக்கு. ஏர்போர்ட்டுக்கு எடத்து வாடகை. டிஜிசிஏவுக்கு ஃபைல் சரியா இருக்கான்னு கணக்கு. இன்ஸ்ட்ரக்டர்னு இருக்கறவரும் பாதி பேரு சின்ன பசங்கதான், ஏர்லைன் போறதுக்கு மணி நேரம் சேக்க வந்தவங்க, அங்கிருந்து கால் வந்தா அடுத்த வாரம் பெட்டி கட்டிருவாங்க, அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது. ஏர்லைனுக்கு ரெடியா சமைச்ச சாப்பாடு வேணும், அடுப்பு யார் பத்த வெச்சான்னு கவலை கிடையாது. நான் ஸ்டார் குடுத்தேன்னு சொன்ன அந்த இன்ஸ்ட்ரக்டர், தங்கமான மனுசன், பையன் மொத சோலோ, அதாவது தனியா பறக்கறது, முடிச்சு இறங்கினப்ப அவரேதான் பக்கெட்டுல தண்ணி எடுத்து தலைல ஊத்தினாரு, நாங்க வீடியோ கால்ல பாத்து அழுதோம், அவரும் எட்டாவது மாசம் போயிட்டாரு. புதுசா வந்தவரு மொதல்ல ஒரு செக் சார்டி, அதாவது பையன் எப்படி ஓட்டறான்னு கூட உக்காந்து பாக்கற ஒரு ரவுண்டு, போலாம்னாரு. இடைவெளி விட்டுட்டா திரும்ப செக், அதுக்கு தனி பில்லு. இடைவெளி விட்டது யாருங்க, பையனா?

ஒவ்வொருத்தரும் அவங்க வேலைய அவங்க சரியாத்தான் பாக்கறாங்கன்னே வெச்சுக்குவோம். ஆனா ஒரு பையன் உள்ள வந்து லைசென்ஸோட வெளிய போக எத்தன நாள் ஆகுதுங்கற ஒரே நம்பர எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கறதே இல்ல. அந்த ஒரு நம்பர் பொதுவா இல்லைன்னா எத்தன சீர்திருத்தம் கொண்டு வந்தாலும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கமா இழுக்கும். உதாரணத்துக்கு 2020ல ஃப்ளையிங் ஸ்கூல்கள் ஏர்போர்ட்டுக்கு வருமானத்துல பங்கா கட்டிட்டு இருந்த ராயல்டிய எடுத்தாங்க, வாடகைய கொறச்சாங்க, அப்புறம் பெலகாவி, ஜல்கான், கலபுர்கின்னு புதுசு புதுசா எடம் குடுத்தாங்க, ரெண்டாவது ரவுண்டுல நம்ம சேலம் கூட வந்துச்சு. நல்ல விசயம்தான். ஆனா எடம் குடுத்த வேகத்துக்கு இன்ஸ்ட்ரக்டரும் ஏஎம்இயும் எங்கிருந்து வருவாங்கன்னு யோசிச்ச மாதிரி தெரியல. புது ரூட் பர்மிட் குடுத்துட்டு டிரைவர தேடறது மாதிரி.

ரேடியோ பரிட்சை கதைய கேளுங்க. விமானி ஆகணும்னா நேவிகேஷன், மெட்டியராலஜி (வானிலை), ரெகுலேஷன், டெக்னிக்கல் எல்லாம் டிஜிசிஏகிட்ட எழுதணும், ஆனா ரேடியோல பேசறதுக்கு ஆர்டிஆர்னு ஒரு பரிட்சை, அத மட்டும் டெலிகாம் டிபார்ட்மென்ட்டு வெச்சிருந்துச்சு. வேற மந்திரி, வேற ஆபீஸ், வேற தேதி. நம்மாளு அதுக்கு தனியா அலைஞ்சான். 2025 ஜனவரி 1ல புது விமானச் சட்டம் அமலுக்கு வந்த பின்னாடி அதுவும் டிஜிசிஏ கிட்டயே வந்திருச்சு. ஒரே கூரைக்கு கீழ கொண்டு வரணும்னு நெனச்சா முடியுது பாருங்க, அத்தன வருஷம் ஏன் முடியலைன்னுதான் கேக்கறேன்.

2025 கடைசில டிஜிசிஏ மொத தடவையா ஃப்ளையிங் ஸ்கூலுக்கு எல்லாம் கிரேடு போட்டு வெளியிட்டாங்க. 35 ஸ்கூல். மேல இருக்கற கிரேடு ஒருத்தருக்கும் கிடைக்கல. 13 பேருக்கு பி, 22 பேருக்கு சி. என் பையன் படிச்ச எடத்துக்கு என்னன்னு சொன்னா பேர கண்டுபிடிச்சிருவீங்க, விடுங்க. படிச்சதும் எனக்கு சந்தோசமும் வயித்தெரிச்சலும் ஒண்ணா வந்துச்சு. இத 2022ல போட்டிருந்தா 48 லட்சத்த யோசிச்சு கட்டிருப்பேன்ல. ஆனா கிரேடு போடற ஆபீஸ் நெலமையும் பாருங்க, டிஜிசிஏல 1063 போஸ்ட்டுக்கு 553 பேருதான் இருந்தாங்கன்னு 2025ல வந்த பார்லிமென்ட் கமிட்டி ரிப்போர்ட்டே சொல்லுச்சு. எஃப்சி பாக்கற ஆர்டிஓ ஆபீஸ்ல பாதி நாற்காலி காலின்னா ரோட்டுல வண்டி எப்படி ஓடும்?

இன்னொரு பக்கம், இண்டிகோ 2023ல ஒரே தடவைல 500 விமானம் ஆர்டர் குடுத்தாங்க, ஏர் இந்தியா 470. வர்ற வருஷங்கள்ல 30,000 விமானிங்க வேணும்னு விமானத் துறை மந்திரியே சொன்னாரு. 2025 டிசம்பர்ல என்ன ஆச்சு? விமானிங்களுக்கு வார ஓய்வு 36 மணில இருந்து 48 ஆச்சு, நைட்ல இத்தன தடவதான் இறங்கலாம்ங்கற கணக்கு 6ல இருந்து 2 ஆச்சு, ரூல் வர்றது முன்னாடியே தெரிஞ்ச விசயம்தான், அப்படியும் ஆள் கணக்கு சரியா போடாம ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல இண்டிகோ விமானம் ரத்து, ஏர்போர்ட் பூரா ஜனங்க தரைல படுத்துக் கிடந்தாங்க. கடைசில ரூலுக்கே கொஞ்ச நாள் விலக்கு குடுத்தாங்க. தூக்கமில்லாத டிரைவர் கைல வண்டி குடுக்க நானே பயப்படுவேன், விலக்கு குடுத்தத பாத்து எனக்கு மனசே ஆறல. லைசென்ஸ் வாங்கின பசங்க வீட்டுல சும்மா இருக்கறப்ப அங்க ஆள் இல்லையான்னு கேட்டேன், பையன்தான் விளக்கினான், லைசென்ஸ் மட்டும் பத்தாது, ஏர்பஸ் ஓட்டணும்னா டைப் ரேட்டிங்னு தனியா படிக்கணும், அதுக்கு இன்னும் பல லட்சம். அதுவும் எங்க கையக் கடிக்கும். கிங்ஃபிஷர் 2012, ஜெட் 2019, கோ ஃபர்ஸ்ட் 2023ன்னு கம்பெனி மூடற ஒவ்வொரு தடவையும் அனுபவஸ்தங்க நூத்துக்கணக்குல வெளிய வர்றாங்க, புதுப் பசங்க வரிசைல பின்னால போறாங்க. போன வருஷம் ஆளே வேண்டாம், இந்த வருஷம் ஆளே இல்ல. ஏர்லைன் எத்தன பேரு எப்ப வேணும்னு ஸ்கூலோட உக்காந்து பேசினா இந்த கூத்து பாதி கொறையும்.

பெத்தவங்க நாங்களும் யோக்கியம் இல்ல. வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு ஆரம்பிச்சோம், 40 பேரு. எல்லாரும் சேந்து ஒரு லெட்டர் போடலாம்னு சொன்னேன், பறந்த மணிக்கு மட்டும் காசு, மிச்சம் பேங்க்ல நிக்கட்டும், எந்த விமானம் எத்தன நாள் நின்னுச்சுன்னு மாசா மாசம் சொல்லட்டும், அவ்வளவுதான் கேட்டது. மூணு பேரு கையெழுத்து போட்டாங்க. மத்தவங்களுக்கு பயம், பேரு தெரிஞ்சா பையன ரோஸ்டர்ல கீழ தள்ளிருவாங்களோன்னு. ஒருத்தர் எனக்கு தனியா போன் பண்ணி "நீங்க சொல்றது சரிதாண்ணா, என் பொண்ணு 180 மணில இருக்கா, அவ முடிக்கட்டும், அப்புறம் நான் வர்றேன்"னாரு. முடிச்சா, குரூப்ப விட்டு போயிட்டாரு. என்ன சொல்றது, நானும் பையன் 190 தாண்டினப்ப குரலக் கொறச்சுக்கிட்டேன்தான்.

27வது மாசம் முடிஞ்சுது. அதுலயும் கடைசி நேரத்துல லைசென்ஸுக்கு அப்ளை பண்றதுக்கு முந்தின ஆறு மாசத்துல 15 மணி பறந்திருக்கணும்ங்கறத வெச்சு ஒரு அலைச்சல், எக்ஸ்ட்ரா பில்லு எல்லாம் சேத்து 54 லட்சத்துல வந்து நின்னுச்சு.

சேக்கலாமான்னு நெறைய பேரு கேக்கறீங்க. பையனுக்கு ஆசை இருந்தா சேருங்க, வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆபீஸ் ரூமுக்கு போகாதீங்க, ஹேங்கர் பக்கம் போங்க. நேத்து எத்தன விமானம் பறந்துச்சு, ஏஎம்இ எத்தன பேரு, போன வருஷம் சேந்த பசங்க இப்ப எத்தன மணில இருக்காங்கன்னு ஹாஸ்டல் பசங்ககிட்ட டீ வாங்கிக் குடுத்து கேளுங்க, அவங்க உண்மைய சொல்லிருவாங்க. தவணைய மணிக் கணக்குல கட்றேன்னு சொல்லிப் பாருங்க, அப்ப மூஞ்சி மாறுதான்னு பாத்துக்கோங்க.

பையன் இப்ப நம்ம லாரி ஆபீஸ்லதான் உக்காந்து ஏர்லைன் பரிட்சைக்கு படிச்சிட்டு இருக்கான், நடுவுல டிரைவருங்களுக்கு பேட்டாவும் எழுதறான். ஸ்கூல்ல இருந்து ஹாஸ்டல் டெபாசிட் இன்னும் திரும்பி வரல. வந்துச்சுன்னா ஸ்டார 3 ஆக்கிடறேன்.