₹23,400 போச்சு: "எஃப்பிஏ உட்பட முழு கேஸ் வெல்டிங் செட்" என்று ஆன்லைனில் வாங்குபவர்கள் கவனிக்கவும்

"கம்ப்ளீட் கேஸ் வெல்டிங் செட், ஐஎஸ்ஐ, எஃப்பிஏ உட்பட" என்ற விளம்பரத்தைப் பார்த்து யாராவது சமீபத்தில் வாங்கியிருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை அதைப் பற்ற வைக்காதீர்கள். எஃப்பிஏ என்பது ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர், நெருப்பு ஹோஸ் வழியாகப் பின்னால் ஓடி சிலிண்டருக்குப் போகாமல் தடுக்கும் பாகம். எங்கள் பட்டறையிலிருந்து போனது 23,400 ரூபாய். "உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது" என்று இன்று காலை மெசேஜ் வந்தது. எதுவும் தீரவில்லை, ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. அந்த மெசேஜைப் பார்த்த கையோடுதான் இதை எழுதுகிறேன். வாங்கும்போது என்னென்ன பார்க்கவேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

விற்றது தொழிற்சாலைச் சாமான்களை விற்கும் ஆன்லைன் தளம் ஒன்று. தளத்தின் பெயரையும் உள்ளே விற்றவர் பெயரையும் போடவில்லை, புகார் இன்னும் நடக்கிறது. செட்டில் இருப்பதாகப் போட்டிருந்தவை: ஆக்சிஜன் ரெகுலேட்டர் ஒன்று, டிஏ (சிலிண்டரில் கரைத்து அடைத்த அசிட்டிலின் வாயு) ரெகுலேட்டர் ஒன்று, நீலம் சிவப்பு ஹோஸ் தலா 10 மீட்டர், 1 முதல் 10 நம்பர்வரை நாசிலோடு டார்ச் (நெருப்பு வரும் கைப்பிடி), ரெகுலேட்டர் பக்கம் மாட்ட இரண்டு எஃப்பிஏ, டார்ச் பக்கம் மாட்ட இரண்டு, லைட்டர், சாவி, ஸ்பேனர். எல்லாம் சேர்த்து 23,400. விலை மலிவு என்று ஏமாறவில்லை. நல்ல செட்டுக்கு உண்டான விலையைத்தான் கொடுத்தோம், அதுதான் வயிற்றெரிச்சல்.

நம்பியது எந்த இடத்தில் என்று சொல்லியாக வேண்டும். ஆர்டர் போடுவதற்கு முன் விற்றவரைக் கூப்பிட்டோம். எடுத்த எடுப்பில் அவர் கேட்டது, "டிஏவுக்கா எல்பிஜிக்கா அண்ணா? எல்பிஜின்னா நாசிலும் வேற, ட்யூபும் வேற தருவேன்." தொழில் தெரியாதவன் வாயில் இந்தக் கேள்வி வராது. அசிட்டிலினுக்கான ஹோஸின் உள் ரப்பரை எல்பிஜி நாளடைவில் அரித்துவிடும், நாசிலின் உள்ளமைப்பும் வேறு. அந்த ஒரு கேள்வியில் விழுந்தோம். பிறகு ஒரு வீடியோவும் அனுப்பினார். ரெகுலேட்டர் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவுகிறார், ஒரு குமிழ் வரவில்லை. "எங்க பொருள்ல லீக்கே வராது அண்ணா, எஃப்பிஏ நாலும் ஒரிஜினல்" என்றார். அன்று சாயங்காலமே பணம் போய்விட்டது.

சனிக்கிழமை பார்சல் வந்தது. பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்புதான் முதல் சந்தேகம். ஆக்சிஜன் ரெகுலேட்டரின் நட்டுக்குள், சிலிண்டர் வால்வில் போய் உட்காரும் மூக்கை வெள்ளை டிஷ்யூ பேப்பரால் துடைத்தோம். பேப்பரில் மஞ்சளாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தால் மெஷின் ஆயில் வாடை. கேஜ் முகத்திலேயே "எண்ணெய் போடாதே" என்று அச்சடித்திருக்கிறார்கள், உள்ளே எண்ணெய் தடவி அனுப்பியிருக்கிறார்கள்! நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டரில் சுமார் 150 பார் அழுத்தம். வால்வைத் திறந்த கணத்தில் அந்த வாயு ரெகுலேட்டருக்குள் பாய்ந்து நெருக்கப்படும்போது உண்டாகும் சூடே எண்ணெயைப் பற்ற வைக்கப் போதும். தீப்பொறி தேவையில்லை. வெறும் காற்றில் புகையும் எண்ணெய் சுத்த ஆக்சிஜனில் வெடித்து எரியும், ரெகுலேட்டர் உடம்பே உருகிப் பீய்ச்சும். அதை அப்படியே பெட்டியில் வைத்து மூடிவிட்டோம், மாட்டவே இல்லை.

டிஏ ரெகுலேட்டரைச் சோதிக்காமல் குறை சொல்லக்கூடாது என்று திறந்த வெளியில் வைத்து மாட்டினோம். முதலில் சிலிண்டர் வால்வை ஒரு நொடி திறந்து தூசியை வெளியே ஊதவிட்டோம். ரெகுலேட்டர் திருகை இடப்பக்கமாக முழுவதும் தளர்த்தி வைத்து, கேஜுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, சாவியை முக்கால் சுற்று திறந்து, திருகை வைத்து 0.5 பாருக்குக் கொண்டு வந்தோம். டார்ச் வால்வு மூடியிருக்கிறது, வாயு போக வழியில்லை. இப்போது முள் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். நிற்கவில்லை. ஒரு நிமிஷத்தில் 0.6. கண்ணெதிரே, கடிகாரத்தின் பெரிய முள் மாதிரி, அசைவது தெரியாமல் ஏறிக்கொண்டே போனது. நாலாவது நிமிஷம் 0.9. அதற்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, சிலிண்டரை மூடினோம்.

ஏன் மூடினோம் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரெகுலேட்டருக்குள் வால்வு தன் சீட்டில் சரியாக உட்காரவில்லை என்றால் சிலிண்டர் அழுத்தம் சொட்டுச் சொட்டாக ஹோஸ் பக்கம் இறங்கும். வேறு வாயுவாக இருந்தால் ஹோஸ் உப்பும், பிய்யும், அத்தோடு போகும். அசிட்டிலின் அப்படி இல்லை. ஹோஸில் அதன் அழுத்தம் 1 பாரைத் தாண்டவே கூடாது, பழைய கேஜில் 15 பிஎஸ்ஐ. அதற்கு மேல் போனால் ஆக்சிஜன் துளிகூட இல்லாமல் தானாகவே கரியாகவும் ஹைட்ரஜனாகவும் உடைந்து வெடிக்கக்கூடிய வாயு அது. சிலிண்டருக்குள் சுமார் 15 பாரில் அடங்கி இருப்பது எப்படி என்றால், உள்ளே நுண்துளைப் பொருள் நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறவிட்டு, அசிட்டோனில் கரைத்து வைத்திருக்கிறார்கள். ரெகுலேட்டரைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த வாயுவைக் கட்டுப்படுத்துகிறேன் என்று விற்ற ரெகுலேட்டர்தான் நாலே நிமிஷத்தில் 0.9-க்கு ஏற்றியது.

அடுத்தது ஹோஸ். 10 மீட்டர் என்றார்கள். வந்தது 5 மீட்டர் துண்டு இரண்டு, நடுவில் ஒட்டு. சிவப்பு ஹோஸின் அந்த ஒட்டுக்குள் இருந்தது ஒரு செம்புக் குழாய்த் துண்டு! ஏசி வேலையில் மிஞ்சும் துண்டு மாதிரி. அசிட்டிலின் ஓடும் வழியில் செம்பு இருக்கவே கூடாது. செம்பும் அசிட்டிலினும் சேர்ந்து செம்பு அசிட்டிலைடு படியும். காய்ந்த நிலையில் ஒரு தட்டு தட்டினால், லேசாக உரசினால் வெடிக்கும் பொருள் அது. அதனால்தான் அசிட்டிலின் பாகங்களில் செம்பு 70 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பித்தளை போடுகிறார்கள். ஹோஸ் மேல் அச்சடித்திருந்த "ஐஎஸ் 447" என்ற தர எண் தின்னர் தொட்ட துணியில் முழுசாக அழிந்து வந்தது. பக்கத்தில் போட்டிருந்த சிஎம்/எல் எண்ணை, அதாவது ஐஎஸ்ஐ முத்திரைக்கான உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் ஆப்பில் தட்டினால் அப்படி ஒரு உரிமமே வரவில்லை. அறுத்த முனையில் நூல் பின்னலும் இல்லை. மருந்து தெளிக்கும் பைப்புக்குச் சாயம் பூசிய மாதிரி ஒரு சரக்கு.

இவ்வளவையும் பார்த்த பிறகு எஃப்பிஏ எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி தெரிந்துவிட்டது. கையில் எடுத்தால் கனமே இல்லை. உடம்பில் அம்புக்குறி ஒன்று இருக்கும், வாயு எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதற்கு. அதற்கு எதிர்ப்பக்கம் வாயால் ஊதினால் காற்று போகக்கூடாது. தாராளமாகப் போனது. நாலையும் ஊதினோம், நாலிலும் போனது. ஒன்றை வைஸில் பிடித்து ஹாக்சாவால் நீளவாக்கில் அறுத்தோம். நல்ல எஃப்பிஏவை அறுத்தால் உள்ளே சாக்பீஸ் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு குழல் இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது. நெருப்பு அதன் நுண்துளைக்குள் நுழைந்ததும் சூட்டை இழந்து அணைந்துவிடும். அதோடு ஸ்பிரிங் போட்ட ஒருவழி வால்வு, சூடு ஏறினால் வாயுவை அடைக்கும் இன்னொரு வால்வு. நாங்கள் அறுத்ததில் இருந்தது ஒரு ரப்பர் வாஷர், பால்பென்னில் இருக்கும் அளவுக்கு ஒரு ஸ்பிரிங். வேறு ஒன்றும் இல்லை, வெறும் பித்தளைக் குழாய். வாஷர்கூட சீட்டில் உட்காராமல் சாய்ந்து கிடந்தது.

நாசில் அடைத்துக்கொண்டாலோ, ஒரு பக்க அழுத்தம் கூடிப்போனாலோ, ஆக்சிஜன் பின்னால் ஏறி அசிட்டிலின் ஹோஸுக்குள் கலந்துவிடும். அடுத்த தடவை லைட்டரைத் தட்டியதும் நெருப்பு நாசிலில் நிற்காமல் ஹோஸுக்குள் ஓடும். காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே பற்றும் வாயு அசிட்டிலின், 80 சதவீதம்வரை கலந்தாலும் பற்றும். நெருப்பு ரெகுலேட்டரைத் தாண்டி சிலிண்டருக்குள் போகாமல் தடுக்க இருக்கும் கடைசிக் கதவு அந்த எஃப்பிஏதான். அந்தக் கதவு இருக்கிறது என்று நம்பித்தான் தொழிலாளி டார்ச்சைப் பிடிக்கிறான். கதவே இல்லாமல் கதவுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை விற்றவரைக் கூப்பிட்டோம். முள் ஏறுகிறது என்றதற்கு "அதெல்லாம் புதுசுல அப்படித்தான் இருக்கும் அண்ணா, ஓட ஓட சரியாயிடும்" என்றார். புது ரெகுலேட்டரில் முள் ஏறுமாம்! அடுத்த நாள், "மரையில டெஃப்லான் டேப் சுத்தி மாட்டுங்க, லீக் நின்னுடும்." நாங்கள் லீக் என்று சொல்லவே இல்லை. சிலிண்டர் மூட்டில் வாயுவை அடைப்பது மரை கிடையாது, மூக்கும் சீட்டும் உலோகத்தோடு உலோகம் உட்காருவதுதான் அடைப்பு. டேப் சுற்றினால் அதன் துணுக்கு உள்ளே போய் இருக்கிற சீட்டையும் கெடுக்கும். எஃப்பிஏவை அறுத்த போட்டோவை அனுப்பினோம். "வெட்டின பொருளை நாங்க எப்படி எடுக்கறது?" என்று ஒரு வரி. சரி, வெட்டாத மூன்றை எடுங்கள் என்றோம். அதன் பிறகு போனை எடுப்பதில்லை.

தளத்தின் கதை இன்னும் மோசம். முதல் பதில், பெட்டியைப் பிரிக்கும் வீடியோ இருக்கிறதா? இல்லை. இரண்டாவது பதில், "பொருள் பயன்படுத்தப்பட்டுள்ளதாக விற்பனையாளர் தெரிவிக்கிறார்." ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டாமல் சோதிப்பது எப்படி என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. மூன்றாவது முறை வேறொருவர் பேசினார், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார், கடைசியில் அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ள 1,000 ரூபாய் கூப்பன் தருகிறேன் என்றார். 23,400-க்கு 1,000. அதுவும் அதே தளத்தில் மறுபடி வாங்கினால்தான். நான்காவது முறை 7 நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். முதல் புகார் கொடுத்தது இரண்டாவது நாள்! இன்று காலை "தீர்த்து வைக்கப்பட்டது".

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தாயிற்று. 2020 மின்வணிக விதிப்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். அதையும் எழுத்தில் அனுப்பியிருக்கிறோம். போலி ஐஎஸ்ஐ முத்திரைக்கு பிஐஎஸ் அலுவலகத்தில் தனிப் புகார். 23,400 திரும்பி வருமா தெரியவில்லை, ஆனால் விடப்போவதில்லை.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனது அதில் நிற்கவில்லை. அவசரமாகச் சில. ரெகுலேட்டரையும் எஃப்பிஏவையும் கையில் எடுத்துப் பார்த்து, பில்லோடு, திருப்பிக் கொடுக்க முகம் தெரிந்த கடையில் வாங்குங்கள். ஆன்லைன் என்றால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். ரெகுலேட்டரில் ஐஎஸ் 6901, ஹோஸில் ஐஎஸ் 447, எஃப்பிஏவில் ஐஎஸ் 11006 இருக்கிறதா பாருங்கள், சிஎம்/எல் எண்ணை ஆப்பில் தட்டிப் பாருங்கள். ஹோஸில் ஒட்டு இருந்தால் வாங்காதீர்கள். டிஏ பக்கத்து நட்டில் வெட்டுக் குறியும் இடது மரையும் இருக்கவேண்டும். மாட்டியதும் டார்ச்சை மூடி வைத்து ஐந்து நிமிஷம் முள்ளைப் பாருங்கள். டிஏ சாவியை வேலை முடியும்வரை வால்விலிருந்து எடுக்காதீர்கள். டார்ச்சுக்குள் உஸ்ஸென்று விசில் சத்தம் வந்தால் முதலில் டார்ச்சில் ஆக்சிஜனை மூடுங்கள், உடனே அசிட்டிலினை, பிறகு சிலிண்டர் இரண்டையும்.

இதே மாதிரி செட்டை ஏற்கெனவே மாட்டி வேலை செய்துகொண்டிருப்பவர்கள் இன்று ராத்திரியே எஃப்பிஏவைக் கழற்றுங்கள். சிலிண்டரை மூடி, ஹோஸைக் காலி செய்துவிட்டுக் கழற்றுங்கள். சுத்தமான சின்ன ரப்பர் குழாயை மாட்டி அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் ஊதிப் பாருங்கள், உறிஞ்சிவிடாதீர்கள். கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீர்கள், அதில் எண்ணெய் வரும். ஊதினது மறுபக்கம் வந்தால் நாளைக்கு அந்த டார்ச்சைத் தொடாதீர்கள்.