"இறைச்சி சுமக்கும் பை" என்று போட்டிருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள்

அமெரிக்காவின் கொலராடோ, மொன்டானா, வயோமிங் மாநிலங்கள் பக்கம் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறவர்கள், இறைச்சியை முதுகில் சுமந்து வரப் பை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விலை குறைவு என்று வாங்கிய பை மலையில் என்ன செய்தது, ஏன் செய்தது என்பதை மட்டும் சொல்கிறோம்.

இணையத்தில் 139 டாலர். விளம்பரத்தில் இருந்தவை: 80 லிட்டர், உள் ஃபிரேம் (சுமையை இடுப்புக்குக் கடத்தும் சட்டம்), 120 பவுண்டு தாங்கும், இறைச்சி வைக்கத் தனித் தட்டு, ஆயுட்கால உத்தரவாதம். ஜூலையில் வாங்கிய பைக்கு அக்டோபரில்தான் முதல் இறைச்சிச் சுமை ஏறியது. எலும்போடு ஒரு பின்தொடை, 65 பவுண்டு, அதாவது 30 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வண்டி நின்ற இடம் இரண்டு மைல். அரை மைலுக்குள் பையின் இடுப்பு பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வழுக்கி இறங்கியது. இறுக்கிக் கட்டினால் பத்து நிமிடம் நிற்கும், மறுபடி இறங்கும். ஒரு மைல் தாண்டியதும் இடது தோளின் மேல்வார் (தோள்வாரின் உச்சியைப் பையோடு இழுத்துப் பிடிக்கும் வார்) தையலோடு பிய்ந்து வந்தது. மீதித் தூரம் முழுக்கச் சுமை வலது தோளில்.

விற்றவரிடம் கேட்டபோது, திருப்பி அனுப்ப 30 நாள்தான், அது முடிந்துவிட்டது என்றார்கள். ரத்தக்கறை பட்ட பொருளை எடுக்க மாட்டோம் என்றார்கள். ஆயுட்காலம் என்றால் வாங்கியவரின் ஆயுள் அல்ல, "பொருளின் இயல்பான ஆயுள்" என்றார்கள். வேட்டைப் பை விற்பதாகச் சொல்லிவிட்டு ரத்தக்கறையைக் காரணம் காட்டுவது அநியாயம். ஆனால் விதிமுறைப் பக்கத்தில் அது எழுதப்பட்டிருந்தது உண்மை.

அதன்பின் பையைப் பிரித்துப் பார்த்தோம். முதுகுப் பக்கத்தில் வளையக்கூடிய பிளாஸ்டிக் தகடு ஒன்று, அதன் நடுவே ஒற்றை அலுமினியப் பட்டை. அந்தப் பட்டை பெல்ட் வரை வரவேயில்லை. மூன்று விரற்கடை மேலேயே, துணிப் பாக்கெட்டுக்குள் முடிந்துவிட்டது. ஆக ஃபிரேம் தாங்கும் எடை இடுப்புக்குப் போக வழியே கிடையாது. துணியில் தொங்கி, துணி தோள்வாரை இழுக்கிறது. பெல்ட்டை அமுக்கினால் இரண்டு பக்கமும் விரலில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே வெறும் ஸ்பாஞ்ச். பிய்ந்த வார் ஒற்றை வரித் தையலில் பையின் துணியோடு சேர்க்கப்பட்டிருந்தது. இழுவிசை தாங்க ஒரே இடத்தில் நெருக்கமாகப் போடும் பார்டேக் தையல் இல்லை. திருப்பூர் வேலை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்: ஜீன்ஸ் பாக்கெட் மூலையில் போடும் பார்டேக்கை 65 பவுண்டு தூக்கும் வாரில் போடவில்லை.

லிட்டர் கணக்கு இங்கே ஏமாற்று வேலைதான். இறைச்சி பைக்குள் போக வேண்டிய பொருளே இல்லை. பையை ஃபிரேமிலிருந்து தளர்த்தி வெளிப்பக்கம் நகர்த்தி, ஃபிரேமுக்கும் பைக்கும் நடுவே இறைச்சியை வைத்து வார்களால் நெருக்கிக் கட்ட வேண்டும். அந்த இடத்தைத்தான் இறைச்சித் தட்டு என்கிறார்கள். சுமை முதுகெலும்பை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உயரத்தில் நிற்க வேண்டும். பைக்குள் போட்டால் அடியில் போய் மூட்டையாக உட்கார்ந்து பின்னால் இழுக்கும். அதைச் சமாளிக்க முன்னால் குனிந்து நடக்க வேண்டியிருக்கும், இறக்கத்தில் முழங்கால் போய்விடும். நாம் பிரித்த பையில் "தட்டு" என்றிருந்தது அடியில் தைத்த ஒரு துணி மடிப்பு. ஃபிரேமோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

வாங்கும்போது கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஃபிரேமின் அடிமுனை பெல்ட்டில் நேராக உட்கார்கிறதா, பெல்ட்டைப் பிடித்து முறுக்கினால் ஃபிரேமும் கூடவே திரும்புகிறதா என்று பாருங்கள். மேல்வார், அதாவது லோட் லிஃப்டர், பைத் துணியில் இல்லாமல் ஃபிரேமின் தலையில் மாட்டியிருக்க வேண்டும். ஃபிரேம் தோளைவிட 2 முதல் 4 அங்குலம் உயரமாக இருந்தால்தான் அந்த வார் 30 முதல் 45 டிகிரி சாய்வில் மேலே இழுக்கும். தோளுக்குச் சமமாக நின்றால் லோட் லிஃப்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள், அதுதான் உங்கள் முதுகின் அளவு. பலருக்கு 24 அங்குல ஃபிரேம் போதும், உயரமானவர்கள் 26 பார்க்கலாம். துணி 500 டீனியர் (நூலின் தடிமன் அளவு) கார்டுரா (தேய்மானம் தாங்கும் துணியின் வணிகப்பெயர்) என்றால் தைரியமாக வாங்கலாம். "கார்டுரா போன்றது" என்று போட்டிருந்தால் அது கார்டுரா இல்லை. பெல்ட் பக்கிளைக் குளிரில் சோதியுங்கள்: ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து எடுத்து, பத்து முறை மாட்டிக் கழற்றுங்கள். மட்டமான பிளாஸ்டிக் விரிசல் விடும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் வீட்டில் சுமந்து பார்க்காமல் வைத்திருக்காதீர்கள். இந்தியக் கடையில் கிடைக்கும் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை மூன்று போதும், 60 பவுண்டு. டம்பெல் வேண்டாம், அது ஒரே இடத்தில் நிற்கும். அரிசிதான் இறைச்சி மாதிரி சரிந்து இறங்கும். மூன்றையும் ஒரே தடித்த துணிப்பைக்குள் போட்டுத் தட்டில் கட்டுங்கள். பழக்கமில்லாதவர்கள் ஒரு மூட்டையில் தொடங்கி, சில நாள் இடைவெளியில் ஏற்றுங்கள். படிக்கட்டு, இறக்கம் உட்பட ஒரு மணி நேரம் நடங்கள். நடுவில் தோள்வாரைக் கொஞ்சம் தளர்த்தினால் தோளுக்கும் வாருக்கும் நடுவே விரல் நுழைய வேண்டும், பெல்ட் அசையாமல் நிற்க வேண்டும். பெல்ட் இறங்கினால் அன்றைக்கே பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். கறைபடாமல் இருக்கும்போதே அனுப்பினால்தான் பணம் வரும்.

எத்தனை நடை என்பதையும் விளம்பரம் மறைக்கிறது. நன்கு வளர்ந்த ஆண் எல்கில் எலும்பு நீக்கிய இறைச்சியே 180 முதல் 250 பவுண்டு வரும். இரண்டு பின்தொடை, இரண்டு முன்சப்பை, முதுகுக்கறியும் கழுத்துக்கறியும் சேர்த்து ஒன்று என ஐந்து சுமை. தனி ஆளுக்கு நான்கைந்து நடை. 120 பவுண்டு தாங்கும் என்ற எண்ணை நம்பி இரண்டு நடையில் முடிக்கத் திட்டமிட்டால், பை தாங்கினாலும் முழங்கால் தாங்காது. சுமக்க முடியவில்லை என்று இறைச்சியை விட்டுவிட்டு வருவதும் முடியாது, இந்த மாநிலங்களில் உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது குற்றம்.

இறைச்சியைக் காற்றுப் புகும் வலைத்துணிப் பையில் போட்டுத்தான் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் பையில் மூடினால் சூடு வெளியேறாமல் எலும்பை ஒட்டிக் கெட்டுப்போகும். பையில் ரத்தம் பட்டால் அன்றே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் கறை இறுகிவிடும். ஸ்பாஞ்ச் வைத்த பெல்ட்டில் ரத்தம் ஊறிவிட்டால் வாடை போகவே போகாது, கரடி நடமாடும் காட்டில் அதைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.

நல்ல ஃபிரேமும் பையும் புதிதாக 500 டாலருக்கு மேல் ஆகிறது, சிறிய தொகையில்லை. அவ்வளவு முடியாதவர்கள் இந்த 139 டாலர் பைக்குப் போக வேண்டாம். அதே காசுக்கு வெளியே தெரியும் அலுமினியக் குழாய் ஃபிரேம், கீழே மடக்குத் தட்டோடு கிடைக்கிறது. பார்க்க அழகில்லை, புதரில் சிக்கிச் சத்தம் போடும். ஆனால் எடை பெல்ட்டுக்குப் போகிறது. பேர்பெற்ற ஃபிரேமைப் பழையதாக வாங்குவதும் நல்ல வழி, வார் தையலையும் ஃபிரேமின் அடிமுனையையும் நேரில் பார்த்த பிறகு. எது வாங்கினாலும் ஆர்டர் போடும் அன்றே விளம்பரப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இந்தப் பையின் பக்கத்தில் இப்போது 120 பவுண்டு என்ற வரி இல்லை.