போன் பேச்சா, விசாரிப்பா, ஒரு நாள் பயணமா: குணம் எதில் பிடிபடும்?

கொழும்பில் கடை வேலை, தோட்டத்தில் வீடு, நேரில் பார்ப்பது தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும். இலங்கை மலையகத்தில் பழகும் ஜோடிகளில் பலருக்கு நிலைமை இதுதான். கல்யாணத்துக்கு முன் ஆளின் குணத்தைப் பார்க்க அவர்களுக்கு மூன்று வழி: இரவு போன் பேச்சும் மெசேஜும், ஊரில் விசாரிப்பது, பகலில் ஒன்றாக ஒரு பயணம். நம் ஓட்டு மூன்றாவதற்கு.

போனில் யோசித்துப் பதில் எழுத நேரம் கிடைக்கிறது. அங்கே எல்லோரும் நல்லவர்கள். அழைப்பை எடுக்காதபோது நடப்பதை மட்டும் கவனியுங்கள். "வேலையா? பிறகு எடுங்க" என்று ஒரு மெசேஜ் போட்டு விடுகிறவர் ஒரு ரகம். பத்துப் பதினைந்து தடவை விடாமல் அடித்து, "யாரோட பேசிக்கிட்டிருந்த?" என்பவர் வேறு ரகம். அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே அறையில் அப்பா, அம்மா, தம்பி தங்கச்சி எல்லோரும் இருக்கும்போது போனை எடுக்க முடியாது என்பது அங்கேயே பிறந்தவருக்குத் தெரியாதா?

விசாரிப்பைக் கைவிடாதீர்கள். குடி, கடன், கைநீட்டி அடிக்கும் பழக்கம், முன்பே கல்யாணம் ஆனவரா என்பதெல்லாம் தோட்டத்தில் அவ்வளவு லேசில் மறையாது. ஆனால் அந்தப் பேச்சில் சாதியும் பழைய குடும்பப் பகையும் கலந்து வரும். பெரியவர்களுக்குப் பணிந்து நடந்தாலே போதும், ஊர் நல்லவர் என்று சொல்லிவிடும். கொழும்பில் அவரோடு ஒரே அறையில் தங்கியவர் கிடைத்தால், ஊரை விட அவரிடம் கேட்பது மேல்.

இனி பயணம். ஹட்டனில் ரயிலேறி நானுஓயா, அங்கிருந்து பஸ்ஸில் நுவரெலியா. மத்தியானம் சாப்பாடு, இருட்டுமுன் வீடு. டிக்கெட் ஒருவர், சாப்பாடு மற்றவர். ஏப்ரல் சீசன் கூட்டமோ, மே தொடங்கி ஹட்டன் பக்கம் கொட்டும் மழையோ கெடுதல் இல்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் ஒன்றும் தெரியாது.

ரயில் தாமதம், பஸ்ஸில் இடமில்லை, சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது. இப்படிப் போட்ட திட்டம் குலைந்த பிறகு வரும் அரை மணி நேரத்துக்காகத்தான் இந்தப் பயணமே. கோபம் வருவது குற்றமில்லை. "சே" என்று அலுத்துக்கொள்ளட்டும். யார்மேல் பழி போகிறது, எவ்வளவு நேரத்தில் தணிகிறது என்று பாருங்கள். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸை விசாரிக்கிறவரோடு குடும்பம் நடத்தலாம். சாப்பாட்டுக்கடைப் பையன்மேல் பாய்கிறவர், "நீ லேட்டா வந்ததாலதான்" என்று பிற்பகல் வரை அதையே இழுக்கிறவர், கல்யாணத்துக்குப் பிறகு அதை உங்கள்மேல்தான் காட்டுவார்.

கத்துகிறவரைக் கண்டுபிடிப்பது சுலபம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமலே தண்டிக்கிறவரைப் பொறுமைசாலி என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். "கோபமா?" என்று நேராகவே கேளுங்கள். "ஆமா, கொஞ்ச நேரம் விடுங்க" என்றால் நல்லது. "ஒன்னுமில்ல" என்று சொல்லிவிட்டு நீங்கள் கெஞ்சும்வரை பேசாமலிருந்தால் அது பொறுமையல்ல.

மறுப்பு ஒன்றும் அன்றைக்கே வரட்டும்: "போட்டோ வேணாம்", "நாலு மணி பஸ்ஸுக்கே போறேன்". உண்மையாகவே வேண்டாததைத்தான் மறுக்க வேண்டும். சோதிப்பதற்காக வம்பிழுத்தால் உங்கள் குணம்தான் வெளியே வரும். இன்னொரு தடவை கேட்பது இயல்பு. மூன்றாம் தடவையும் கெஞ்சல், "என்மேல நம்பிக்கை இல்லையா" என்றால் யோசியுங்கள்.

ஒரு தடவை பார்த்துத் தீர்ப்பெழுதக் கூடாது. கொழும்பிலிருந்து ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்தவர் எரிந்து விழுவது குணமாக இருக்காது, பசியும் அப்படித்தான். இரண்டு மூன்று பயணமாவது வேண்டும், அதில் ஒன்று சம்பளம் தீர்ந்த மாசக்கடைசியில். அப்படியும் கடன் பழக்கமும் சந்தேகக் குணமும் ஒரு பகலில் பிடிபடாது. அதற்கு மாதங்கள் வேண்டும். ஆள் வளைகுடா நாட்டில் என்றால் பயணத்துக்கே வழியில்லை, விசாரிப்பைத்தான் நம்ப வேண்டும்.

கையை முறுக்கினாலோ, போனைப் பறித்தாலோ மட்டும் இரண்டாம் பயணம் கிடையாது. திரும்பி வரும் பஸ் காசு எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும், எந்த வழியாகப் போகிறீர்கள் என்று ஒரு கூட்டாளிக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 1938.