ஸ்டேட்டிக் ரூட்டை எங்கே எழுதிவைப்பது? நான்கு இடங்கள், ஓர் ஒப்பீடு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. நான் கணினிகளைக் கவனித்துவந்த நெல் வணிக நிறுவனத்தின் சர்வர் மன்னார்குடியில் இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் தீரும் நேரத்தில் அதை முறையாக அணைத்துவிட்டோம். பல நாள் கழித்துக் கரண்ட் வந்து மறுபடி இயக்கியபோது அலுவலகத்துக்குள் எல்லாம் ஓடியது, இணையமும் கிடைத்தது. திருத்துறைப்பூண்டிக் கிளையின் மூத்த கணக்கர் மட்டும் அழைத்தார்: "தம்பி, இங்கே கரண்டும் வந்துவிட்டது, லைனும் வந்துவிட்டது. பில்தான் போட முடியவில்லை."

அரை நாள் கேபிளையும் கிளையின் ரவுட்டரையும் சந்தேகப்பட்டேன். குறை சர்வரிலேயே இருந்தது. கிளைகளின் முகவரிகள் எல்லாம் 10.20.0.0/16 வரம்பில், அதாவது 10.20 என்று தொடங்குபவையாக இருந்தன. அங்கே போகும் வழி 192.168.10.2 என்ற தனி ரவுட்டர். தனி வழி சொல்லப்படாத எல்லாவற்றையும் அனுப்பும் டீஃபால்ட் கேட்வே, அதாவது இணையத்துக்கான ரவுட்டர், 192.168.10.1. கிளைக்கான வழியை இரண்டு ஆண்டுக்கு முன் கட்டளை அடித்துச் சேர்த்தவன் நான்தான். இப்படி நாமே கையால் சேர்க்கும் வழிக்குத்தான் ஸ்டேட்டிக் ரூட் என்று பெயர். எந்தக் கோப்பிலும் எழுதிவைக்கவில்லை. இரண்டு ஆண்டும் சர்வர் அணையாமல் ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு வழி காணாமல் போனால் சர்வர் பிழைச்செய்தி தரும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். டீஃபால்ட் ரூட் (கேட்வேக்குப் போகும் பொது வழி) இருக்கும் சர்வரில் அப்படி நடப்பதில்லை. கல்லணையில் வெண்ணாற்று மதகை இறக்கிவிட்டால் வரும் தண்ணீர் அங்கேயே நின்றுவிடுமா? மிகுதி கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போகும். டீஃபால்ட் ரூட்தான் சர்வரின் கொள்ளிடம். தனக்கென்று வழி இல்லாத பாக்கெட் (தரவுத் துண்டு) எல்லாம் சத்தமில்லாமல் அதில் இறங்கிவிடும். அதனால்தான் எனக்குப் பிழைச்செய்திக்குப் பதிலாக வெறும் காத்திருப்பு கிடைத்தது. 'நெட்வொர்க் ஈஸ் அன்ரீச்சபிள்' என்று வந்தால் பட்டியலில் பொருந்தும் வழியே இல்லை, டீஃபால்ட்டும் இல்லை என்று பொருள். 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று வந்தால், பெயருக்கு மாறாக, பெரும்பாலும் வழி இருக்கிறது. அடுத்த முனை ஏஆர்பி கேள்விக்கு ('இந்த முகவரி யாருடையது?' என்ற கேள்வி) பதில் சொல்லவில்லை, அல்லது இடையில் ஒரு ஃபயர்வால் (பாதுகாப்புத் தடுப்பு) மறுத்துவிட்டது. இந்த மூன்றையும் பிரித்தறிந்தாலே தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

இனி கிளைக்கான வழியைச் சொல்லும் அந்த ஒரு வரியை எழுதிவைக்கக்கூடிய இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, கட்டளை அடித்துச் சேர்ப்பது. 'ஐபி ரூட் ஆட்' என்று தொடங்கும் ஒரே வரி. அந்த நொடியே பலன் தெரியும், தவறானால் அந்த நொடியே நீக்கலாம். சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அது கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவில் மட்டுமே இருக்கிறது. சர்வர் மறுதொடக்கமானால் போய்விடும். லினக்ஸில் அந்த நெட்வொர்க் கார்டை ஒருமுறை இறக்கி ஏற்றினாலே, அதாவது நிறுத்தி மறுபடி இயக்கினாலே, போய்விடும். சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் வகையில் மட்டும் நிலைமை வேறு. அங்கே 'ரூட்' கட்டளையோடு மைனஸ் பி (-p) சேர்த்து அடித்தால் வழி உடனே இயங்குவதோடு கோப்பிலும் பதிவாகிவிடும். அந்த ஒரு எழுத்தின் அருமை எனக்குப் புயலுக்குப் பிறகுதான் புரிந்தது. எங்களிடம் இருந்த பழைய சோலாரிஸ் பெட்டி அதே நாளில் அணைந்து, அதே நாளில் எழுந்து, எல்லா வழிகளோடும் நின்றது.

இரண்டாவது, ஆர்சி லோக்கல் போன்ற தொடக்க ஸ்கிரிப்டில் அந்தக் கட்டளையைச் சேர்ப்பது. டெல்டாவில் நான் பார்த்த சிறு அலுவலகங்களில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். எழுத எளிது, எந்த யூனிக்ஸ் வகைக்கும் பொருந்தும். இருந்தும் இதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் ஒரே ஒருமுறைதான் ஓடும். அந்தக் கணத்தில் கார்டு இன்னும் முகவரி பெறவில்லை என்றால் கட்டளை தோற்றுவிடும், அதை யாரும் பார்க்க மாட்டார்கள். பகலில் யாராவது நெட்வொர்க் சேவையை மறுதொடக்கம் செய்தாலும் வழி போய்விடும், ஸ்கிரிப்ட் திரும்ப ஓடாது. காலையில் வேலை செய்தது மதியம் நின்றுவிட்டது என்ற புகார் வந்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்தக் கோப்பைத்தான்.

மூன்றாவது, நெட்வொர்க் கார்டை ஏற்றுகிற அமைப்புக் கோப்பிலேயே வழியையும் எழுதுவது. என் தேர்வு இதுதான். லினக்ஸில் கார்டு எப்போதெல்லாம் எழுகிறதோ அப்போதெல்லாம் வழியும் கூடவே எழும். சிக்கல் என்னவென்றால், இந்தக் கோப்பு ஒவ்வொரு யூனிக்ஸிலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் ஆர்சி டாட் கான்ஃப் என்ற ஒரே கோப்பு, அதில் ஸ்டேட்டிக் ரூட்ஸ் என்ற வரி. படிக்கவே தெளிவாக இருக்கும். எச்பி-யூஎக்ஸில் நெட்கான்ஃப் கோப்பில் எண்ணிட்ட வரிகள். ஏஐஎக்ஸில் கோப்பைத் தொடவே கூடாது. அங்கே வழிகள் ஓடிஎம் என்ற தரவுத்தொகுப்பில் இருக்கின்றன. ஸ்மிட் என்ற நிர்வாகப் பட்டியல் வழியாகவோ, ஐநெட்0 என்ற சாதனத்தின் பண்பை மாற்றியோ சேர்க்க வேண்டும். அங்கே வெறும் 'ரூட் ஆட்' அடித்தால் அதுவும் மறுதொடக்கத்தோடு போய்விடும்.

லினக்ஸ்தான் அதிகம் குழப்புகிறது. டெபியனில் இன்டர்ஃபேசஸ் கோப்பு. உபுண்டுவில் 17.10 பதிப்பிலிருந்து நெட்பிளான். ரெட் ஹாட் குடும்பத்தில் முன்பு கார்டுக்கு ஒரு ரூட் கோப்பு இருந்தது, இப்போது நெட்வொர்க் மேனேஜர். ரெட் ஹாட் 9இல் பழைய நெட்வொர்க் ஸ்கிரிப்ட் தொகுப்பே இல்லை. பழைய சர்வரின் கோப்பை அப்படியே புதியதில் நகலெடுத்து வைத்துவிட்டு, யாருமே படிக்காத கோப்பில் வழி எழுதியிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கோப்பு இருக்கிறது, எழுத்தும் சரி, பலன்தான் இல்லை. எனவே எழுதுவதற்கு முன், இந்தச் சர்வரில் கார்டை ஏற்றுவது எந்த மென்பொருள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நெட்பிளானில் ஒரு வசதி எனக்கு மிகவும் பிடிக்கும். 'நெட்பிளான் ட்ரை' என்று மாற்றத்தை இயக்கினால், 120 விநாடிக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பிவிடும். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு வேதாரண்யத்துச் சர்வரைத் திருத்துகிறவருக்கு இது ஒரு பஸ் பயணத்தையே மிச்சப்படுத்தும்.

நான்காவது வாதம் இது: சர்வரில் எதுவுமே எழுத வேண்டாம், டீஃபால்ட் கேட்வேயில் ஒரே வரி எழுதினால் போதும், அலுவலகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் அது பயன்படும். வாதத்தில் உண்மை இருக்கிறது. சர்வர்கள் பத்து இருந்தால் பத்து இடத்தில் திருத்துவது தொல்லைதான். ஆனால் எங்கள் அலுவலகத்தைப் போல இரண்டு ரவுட்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், போகும் வழியும் வரும் வழியும் வேறாகிவிடும். சர்வரின் பாக்கெட் முதலில் 192.168.10.1க்குப் போய், அங்கிருந்து 192.168.10.2க்குத் திரும்பி, கிளைக்குப் போகிறது. பதிலோ 192.168.10.2இலிருந்து நேரே சர்வருக்கு வந்துவிடுகிறது. முதல் பெட்டியில் நிலை அறியும் ஃபயர்வால் (ஒவ்வோர் இணைப்பையும் நினைவில் வைத்துச் சரிபார்ப்பது) இருந்தால், அது உரையாடலில் ஒரு பக்கத்தை மட்டுமே கேட்கிறது. டிசிபி இணைப்பின் தொடக்கத்தைப் பார்க்கிறது, பதிலைப் பார்ப்பதில்லை, மூன்றாவது பாக்கெட்டைச் செல்லாதது என்று தள்ளிவிடுகிறது. பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போகும், பில் மென்பொருள் நிற்கும். கிளை ரவுட்டரைத் தனி நெட்வொர்க்கில், கேட்வேக்குப் பின்னால் வைக்க முடிந்தால் மட்டும் இந்த முறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஓஎஸ்பிஎஃப், ரிப் போன்ற தாமாக வழி கற்கும் முறைகள் மூன்று கிளை உள்ள நிறுவனத்துக்குத் தேவையில்லை. ஒரே கிளைக்கு இரண்டு லைன் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

பழுது தேடும் கருவிகளிலும் இதே போட்டி உண்டு. 'நெட்ஸ்டாட் மைனஸ் ஆர்என்' பெரும்பாலான யூனிக்ஸ் வகைகளில் கிடைக்கும், முழுப் பட்டியலையும் காட்டும். எந்த வரி பொருந்துகிறது என்று நாமே கணக்கிட வேண்டும். குறுகிய வரம்புள்ள வரியே வெல்லும் என்பதை மறந்தால் தவறாகப் படித்துவிடுவோம். லினக்ஸில் 'ஐபி ரூட் கெட்' என்று முகவரியைக் கொடுத்தால், கெர்னல் தானே தேர்ந்தெடுத்த வழியை ஒரே வரியில் சொல்லிவிடும். தனி விதிகளும் கூடுதல் வழிப்பட்டியல்களும் இருந்தால் அவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டே சொல்லும். அன்று அதை முதலில் அடித்திருந்தால் 192.168.10.1 என்ற பதிலைப் பார்த்த உடனே முடித்திருப்பேன்.

ஆனால் அதுவும் போகும் வழியை மட்டுமே சொல்கிறது. பாசன வாய்க்காலை மட்டும் தூர்வாரி வடிகாலை விட்டுவிட்டால் பயிர் அழுகும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரும் வழியைப் பார்க்க, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் வேண்டும். மைனஸ் ஈ சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு பாக்கெட்டும் எந்த மேக் முகவரிக்கு (கார்டின் வன்பொருள் முகவரி) போகிறது என்றும் தெரியும். அன்று கிளையின் கோரிக்கை ஒரு ரவுட்டரிடமிருந்து வந்ததையும், சர்வரின் பதில் இன்னொரு ரவுட்டருக்குப் போனதையும் அதில்தான் கண்ணால் பார்த்தேன். இரண்டு கார்டு உள்ள லினக்ஸ் சர்வரில் பாக்கெட் வந்து சேர்வது டிசிபிடம்ப்பில் தெரிந்தும் பதிலே இல்லை என்றால், திரும்பும் வழியைச் சரிபார்க்கும் ஆர்பி ஃபில்டர் என்ற அமைப்பின் மதிப்பைப் பாருங்கள். அது 1 ஆக இருந்தால், வந்த கார்டு வழியாகவே திரும்பிப் போக வழி இல்லாத பாக்கெட்டைக் கெர்னல் வீசிவிடும். ஒரு கார்டுக்கு மட்டும் 0 என்று மாற்றினால் போதாது. 'ஆல்' என்பதன் கீழுள்ள மதிப்பு, கார்டின் மதிப்பு இரண்டில் பெரியதே செல்லும்.

இப்போதெல்லாம் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாச் சர்வர்களின் வழிப்பட்டியலையும் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொள்கிறேன். பிறகு ஒவ்வொன்றையும் நானே மறுதொடக்கம் செய்து, எழுந்தபின் வரும் பட்டியலைத் தாளோடு வரிவரியாக ஒப்பிடுகிறேன். சென்ற முறை நாகப்பட்டினம் சர்வரில் ஒரு வரி குறைந்தது. பழைய பழக்கத்தில் யாரோ கட்டளையாக அடித்த வழி. அன்று மதியத்துக்குள் அதைக் கோப்பில் எழுதி, மறுபடி ஒருமுறை அணைத்து ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.