திருகோணமலையில் காலாவதியான ஒரு பக்கெற்

மாமாவுக்கு அறுந்தது அக்கிலீஸ் நாண். கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு பிணைக்கிற, உடம்பிலேயே தடித்த நாண் அது. கரைவலை இழுக்க மணலில் காலை ஊன்றியபோது, பின்னாலிருந்து யாரோ பொல்லால் அடித்தது போல இருந்ததாம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு, மாதக்கணக்கில் நொண்டியபடியே கடற்கரைக்குப் போயிருக்கிறார். அதற்குள் தசை மேலே இழுத்து, அறுந்த முனைகள் விலகிவிட்டன. உடனே வந்திருந்தால் இரண்டையும் சேர்த்துத் தைத்திருக்கலாம். இப்போது இடைவெளியை நிரப்ப ஏதாவது வேண்டும்.

அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் காசில்லை. கையிருப்பில் இல்லாத சாமான் என்றால் வெளியில் வாங்கிவரத் துண்டு எழுதித் தருவார்கள், அது எல்லாருக்கும் பழக்கம்தானே. துண்டில் இருந்தது பொலியெஸ்டரில் நெய்த செயற்கை நாடா. கொழும்பு முகவர் ஒருவருக்குப் பணம் அனுப்பினோம். அவர் இரவு பஸ் கொண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்துவிட்டார். விடியற்காலை பஸ் நிலையத்தில் கடற்காற்றும் சுடச்சுடத் தேத்தண்ணியுமாகக் காத்திருந்தபோது, இந்த ஊரை விட்டு ஏன் போனேன் என்றே இருந்தது.

பார்சலைப் பிரித்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. பெட்டியில் விலை ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். கீழே மணற்கடிகாரப் படம், பக்கத்தில் காலாவதித் திகதி. போன மாதத்தோடு முடிந்துவிட்டது! முகவருக்குப் போன் எடுத்தால், "அண்ணா, அது துணிதானே, பழுதாகாது" என்கிறார்.

துணிதான். ஆனால் அந்தத் திகதி வரைதான் உள்ளே கிருமி இல்லை என்பதற்குத் தயாரித்தவர் பொறுப்பு. குதிக்குப் பின்னால் தோல் மெல்லியது, இரத்த ஓட்டமும் குறைவு, புண் ஆறுவதே கடினம். செயற்கைப் பொருளில் கிருமி பிடித்தால் பெரும்பாலும் திரும்ப வெட்டி அதை எடுக்கத்தான் வேண்டும். நான் இப்போது இருக்கிற ரொறன்ரோவில் இதெல்லாம் ஆஸ்பத்திரியின் வேலை. நோயாளி பெட்டியைக் கண்ணாலும் காணமாட்டார். இங்கே வலை இழுக்கிற குடும்பம் ஆங்கில லேபிளை வாசித்துப் பிழை பிடிக்க வேண்டியிருக்கிறது. இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அங்கே ரொறன்ரோவில் நிபுணரைப் பார்க்கவே மாதங்கள் ஆகும். இவர் கட்டிலோரம் நின்று, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் கீறியே விளக்கினார். "ஐயா, இது வேண்டாம். உங்கட பெருவிரலை மடக்கிற நாண் பக்கத்திலதான் ஓடுது. அதை எடுத்துக் குதி எலும்பில பொருத்துவம்." விரலின் பலம் கொஞ்சம் குறையும், நடை திரும்பும் என்றார். செயற்கை நாடா முதல் நாளிலிருந்தே இழுவையைத் தாங்கும், ஆனால் அது ஒருநாளும் உயிருள்ள நாண் ஆகாதாம். 1980களில் முழங்கால் சவ்வுக்கு வைத்த கார்பன் இழை, கோர்டெக்ஸ் என்ற செயற்கைப் பொருள் எல்லாம் நாளடைவில் தேய்ந்து, துகள் உதிர்ந்து, மூட்டை வீங்க வைத்த கதையையும் சொன்னார். எந்த அவசரமும் காட்டவில்லை. மாமா கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. முகவர் இன்னும் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பில்லும் பெட்டியின் படமும் என்னிடம் இருக்கின்றன. மருத்துவ சாதனங்களையும் கண்காணிக்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் துண்டோடு அலைய நேர்ந்தால், காசு கட்டுவதற்கு முன்னரே பெட்டியின் நாலு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டிக்கரை உரித்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.